பழவேற்காட்டுச் சேற்றுப் புழுவை ‘மார்பிசா சாங்குவினியா’ என்று எழுதியது தவறா?

முகத்துவாரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பழவேற்காடு ஏரியின் சேற்றுத் திட்டில் மண்வெட்டியால் வெட்டி, 0.5 மி.மீ. சல்லடையில் அலசி எடுத்த பாலிகீட் புழுக்கள் (உடல் கண்டம் கண்டமாக, அதாவது வளையத் துண்டுகளாகப் பிரிந்து, பக்கங்களில் சுணை எனும் முள்மயிர்களோடு இருப்பவை) என்னிடம் இருக்கின்றன. பெரியவை 14. அவற்றில் வாலோடு முழுசாக வந்தவை 3 மட்டும், மீதி எல்லாம் நடுவிலேயே அறுந்துவிட்டன.

தலைமுனை இரண்டு மடலாகப் பிளந்திருக்கிறது. அதன் மேல் 5 உணர்கொம்புகள். அடுத்து வரும் இரண்டு வளையங்களிலும் இழை எதுவும் இல்லை. செவுள் சீப்புப் போல, 24ஆம் கண்டம் முதல் 31ஆம் கண்டம் வரை ஒவ்வொரு புழுவிலும் ஒவ்வோர் இடத்தில் தொடங்குகிறது. பக்கக்காலின் கீழ்க்கற்றையில் மூட்டு வைத்த கூட்டுச் சுணைகள், நுனித்துண்டு ஊசியாக நீண்டது. ஃபோவெலின் 1953ஆம் ஆண்டு இந்தியப் புத்தகத்துத் திறவுகோலில் (அடையாளங்களைப் படிப்படியாகக் கேட்டு இனத்தின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) ஓட்டியதில் மார்பிசா சாங்குவினியா என்று வந்தது. அப்படியே எழுதி அனுப்பினேன். கட்டுரையைப் பார்த்த நடுவர், ‘இந்த இனம் இந்தியாவில் இருப்பதாக எழுத முடியாது, திருத்தவும்’ என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்.

நான்கு சந்தேகங்கள். என்ன பெயர் போடுவது? அட்டவணையில் எர்ரான்ஷியா, செடென்டாரியா என்ற பிரிவுகளை இன்னும் பயன்படுத்தலாமா, ஒழிந்துவிட்டன என்கிறார்களே? பெயருக்குப் பின்னால் ஆசிரியர் பெயரைச் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள், சில இடங்களில் போடுவதில்லை, அது எதற்கு? கடைசியாக, எல்லாவற்றையும் நேரடியாக ஃபார்மலினில்தான் போட்டேன், இனி டிஎன்ஏ பார்க்க வழி உண்டா? அதே சல்லடையில் நீரிஸ் மாதிரி 5 சின்னப் புழுக்களும் வந்தன. அவற்றையும் என்ன செய்வதென்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கண்டல் பதில்:

நீங்கள் திறவுகோலைத் தவறாக ஓட்டவில்லை. பேரினம் வரை வந்தது சரி. தலைமுனையில் ஐந்து நீட்சிகள், பின்வளையத்தில் இழை இல்லை, அதனால் இதே குடும்பத்துப் பேரினமான யூனிசே அல்ல, மார்பிசாதான். யூனிசேயாக இருந்தால் இரண்டாம் வளையத்தின் முதுகில் ஒரு சோடி இழை நிற்கும். ஒரு திருத்தம் மட்டும்: இப்போதைய விளக்கங்களில் அந்த ஐந்தையும் உணர்கொம்பு என்று எழுதுவதில்லை. நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, ஆக 3 உணர்கொம்பு. வெளியோரத்து இரண்டும் பால்ப் எனும் வேறு தொடுவுறுப்பு. பழைய புத்தகத்தையும் புதிய கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது இது குழப்பும்.

சிக்கல் இனத்தின் பெயரில்தான். திறவுகோல் சொல்வதெல்லாம் ‘இந்தப் புத்தகத்தில் உள்ள இனங்களில் உங்கள் புழு எதற்கு மிக அருகில் வருகிறது’ என்பது மட்டுமே. புத்தகத்தில் இல்லாத இனத்தை அது காட்டவே காட்டாது. ஃபோவெல் முதலில் பிரான்ஸ் நாட்டுக் கடற்புழுக்களுக்கு இரண்டு தொகுதி எழுதியவர், 1923இல் ஒன்று, 1927இல் ஒன்று. அந்தக் காலத்தில் பாலிகீட் இனங்கள் உலகெங்கும் பரவியிருப்பவை என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அதனால் சின்னச் சின்ன வேறுபாடுகளை ஒரே இனத்துக்குள் உள்ள மாறுபாடு என்று கருதி, ஐரோப்பியப் பெயர்களையே இந்திய மாதிரிகளுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பெயர்கள் எழுபது ஆண்டாக நம் இனப்பட்டியல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று என்று இறங்கிக்கொண்டே வருகின்றன.

சாங்குவினியா என்ற பெயர் எதற்குச் சொந்தம் என்று பாருங்கள். மான்டேகு இங்கிலாந்தின் டெவன் கரையில் கிடைத்த புழுவுக்கு நீரிஸ் சாங்குவினியா என்று பெயரிட்டார். அவர் பார்த்த மாதிரி இன்று எங்கும் இல்லை. மாதிரி இல்லாமல் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்ததால், யார் வேண்டுமானாலும் எந்தக் கடலிலும் அதை ஒட்ட முடிந்தது. 2003இல் ஹட்சிங்ஸும் கராஜியார்கோபௌலஸும் இங்கிலாந்துக் கரையின் புழு ஒன்றை அதற்கு நியோடைப்பாக, அதாவது தொலைந்த மூல மாதிரிக்குப் பதில் மாதிரியாக நிறுவி, விரிவாக மறுபடி விவரித்தார்கள். அன்றிலிருந்து சாங்குவினியா என்றால் அந்தப் புழுவோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அதே கட்டுரையில் கிழக்கு ஆஸ்திரேலியாவின் ‘சாங்குவினியா’ மார்பிசா முல்லாவா என்ற புதிய இனமானது. பிரான்ஸிலேயே ஆர்க்கஷோன் விரிகுடாவில் தூண்டில் இரைக்குத் தோண்டி விற்கும் புழு 2017இல் மார்பிசா விக்டோரி ஆனது. ஃபோவெலின் சொந்த நாட்டிலேயே பெயர் நிற்கவில்லை என்றால் பழவேற்காட்டில் எப்படி நிற்கும்? பிலிப்பைன்ஸில் மார்பிசா மொசாம்பிகா என்று அழைத்துவந்த புழுவும் 2019இல் மார்பிசா இலோயிலோயென்சிஸ் என்று தனியானது.

இனி நம் பக்கம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது மார்பிசா கிரேவ்லியி. சதர்ன் என்ற ஆய்வாளர் 1921இல் ஒடிசாவின் சிலிகா ஏரியிலிருந்து விவரித்தது. உப்பும் நன்னீரும் கலக்கும் ஏரிப் புழு என்பதால் தென்னிந்தியக் கழிமுகங்களில் கிடைப்பதற்கெல்லாம் இந்தப் பெயரைப் போடும் பழக்கமும் உண்டு. அதுவும் கேள்விக்குரியதுதான். ஏனென்றால் 2020இல் நம் தென்கிழக்குக் கரையிலிருந்தே மார்பிசா மதராசி புதிய இனமாக விவரிக்கப்பட்டது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு உயிர்த்தீனியாகப் போடும் புழு அது. நீங்கள் எடுத்த இடத்தைப் பார்த்தால் முதலில் ஒப்பிட வேண்டியது அந்தக் கட்டுரையின் விளக்கத்தோடுதான். அதில் இந்தியாவிலிருந்து முன்பு பதிவான மற்ற மார்பிசா இனங்களைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது.

ஒப்பிட்டு முடிக்கும்வரை கட்டுரையில் ‘மார்பிசா எஸ்பி.’ (பேரினம் தெரியும், இனம் உறுதியாகவில்லை என்ற குறி) என்று எழுதுங்கள். தவறான இனப் பெயரை விட அது ஆயிரம் மடங்கு பயனுள்ளது. ‘எஸ்பி.’ என்று பார்த்தால் அடுத்து வருபவர் மாதிரியைத் தேடிப் பார்ப்பார். ‘சாங்குவினியா’ என்று பார்த்தால் நம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

சல்லடை500 பதில்:

பெயரைப் பற்றிக் கண்டல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு உங்களிடம் தகவல் போதாது. நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாம் மார்பிசாவில் ஏராளமான இனங்களுக்குப் பொதுவானவை. எதை எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் அளவு. செவுள் 24இலா 31இலா என்பது புழுவின் வயதோடு நகரும் அடையாளம். பெரிய புழுவில் பின்னே தள்ளித் தொடங்கும். அடிக்கொக்கி (பக்கக்காலின் கீழ்ப்பகுதியில் நிற்கும் தடித்த கொக்கிச் சுணை) முதலில் தோன்றும் கண்டமும் அப்படியே. அதனால் அளவைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்வதில் பொருள் இல்லை. முதல் 10 சுணைக்கண்டங்கள் (சுணை உள்ள கண்டங்கள்) வரை நீளம், 10ஆம் சுணைக்கண்டத்தில் பக்கக்காலை விட்டுவிட்டு அகலம், இந்த இரண்டையும் ஒவ்வொரு புழுவுக்கும் குறியுங்கள். வால் அறுந்தாலும் இந்த அளவு மாறாது, அதனால்தான் மொத்த நீளத்துக்குப் பதில் இதை வைத்திருக்கிறார்கள். 14 புழுவின் அகலத்தையும் செவுள் தொடங்கும் கண்டத்தையும் ஒரு வரைபடத்தில் போட்டால் எல்லாம் ஒரே கோட்டில் விழுகின்றனவா, இரண்டு கூட்டமாகப் பிரிகின்றனவா என்று தெரிந்துவிடும். ஒரே சேற்றில் இரண்டு இனம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்து பக்கக்கால். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வெட்டுங்கள், மறுபக்கம் அடுத்தவருக்கு அப்படியே இருக்கட்டும். 3ஆம் கண்டம், செவுள் தொடங்கும் இடம், உடலின் நடு, வாலுக்குச் சற்று முன் என்று குறைந்தது நான்கு. ஒரு சொட்டுக் கிளிசரினில் வைத்து, முன்முகம் மேலே பார்க்கும்படி திருப்பிக் கண்ணாடிச் சில்லை மூடுங்கள். நடுவில் கறுப்பாகத் தடித்து நிற்பது ஊன்றுமுள். அதற்கு மேலே இருப்பது மேல்கற்றை, கீழே இருப்பது கீழ்க்கற்றை. கீழே நீங்கள் பார்த்த கூட்டுச் சுணைகள். எல்லாக் கண்டத்திலும் அவை ஊசிநுனிதானா, எங்காவது அரிவாள் போல் வளைந்த நுனி கலந்திருக்கிறதா என்று தவறாமல் பாருங்கள். கூட்டுச் சுணையே இல்லாத மார்பிசாக்களும் உண்டு, மொசாம்பிகா அந்தக் கூட்டம்.

இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் மேல்கற்றைக்குள் ஒளிந்திருக்கும் சீப்புச் சுணைதான். நீண்ட மயிர்ச்சுணைகளின் அடியில், அவற்றில் பாதி உயரம்கூட இல்லாமல், ஒரு தட்டை மண்வாரி போல நிற்கும். நுனி விளிம்பில் பற்கள். பக்கவாட்டில் திரும்பியிருந்தால் வெறும் கோடாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். சில்லை ஊசி முனையால் மெதுவாக ஒரு மயிரிழை நகர்த்தினால் புரண்டு முகம் காட்டும். எண்ணெய் வைத்து 1000 மடங்கில் பற்களை எண்ணுங்கள். எத்தனை பல், பற்கள் மெல்லியவையா தடித்தவையா, ஓரத்துப் பல் மட்டும் நீண்டதா, இரண்டு ஓரமும் ஒரே நீளமா, இவ்வளவும் வேண்டும். முன்பகுதியில் ஒரு வகையும் பின்பகுதியில் இன்னொரு வகையும் இருப்பது சாதாரணம். வால் அறுந்த புழு இங்கேதான் காலை வாரும்: பின்பகுதிச் சீப்புச் சுணை இல்லாமல் பல இனங்களைப் பிரிக்கவே முடியாது. உங்களிடம் உள்ள 3 முழுப்புழுக்களைப் பொன்போல வைத்திருங்கள், அவற்றில் கத்தி வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தாடை பார்க்க, அறுந்த புழு ஒன்றில் முதுகுப்பக்க நடுக்கோட்டில் முன்னிருந்து கீறி விரியுங்கள். மேல்தாடைத் தட்டுகளை இடம், வலம் என்று தனித்தனியே பல் எண்ணிக் குறிக்க வேண்டும். மூன்றாவது தட்டு இடப்பக்கம் மட்டும்தான் இருக்கும், வலப்பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போட்டுவிட்டால் இடம் வலமாகிவிடும், அச்சான கட்டுரைகளிலேயே இந்தத் தவறு நடந்திருக்கிறது.

ஃபார்மலினில் போட்டவற்றில் டிஎன்ஏவை மறந்துவிடுங்கள். ஃபார்மால்டிஹைடு புரதத்தையும் டிஎன்ஏவையும் பிணைத்துத் துண்டாக்கிவிடும். சிறப்பு ஆய்வகங்களில் சில நேரம் சின்னத் துண்டுகள் கிடைக்கலாம், அதை நம்பித் திட்டம் போட முடியாது. அதே இடத்தில் மறுபடி எடுங்கள். இந்த முறை இப்படி:

மெக்னீசியம் குளோரைடு உப்பு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 75 கிராம். அதைச் சம அளவு கடல்நீரோடு கலந்து புழுவை விடுங்கள். 20 முதல் 40 நிமிடத்தில் தளர்ந்துவிடும். ஊசியால் தொட்டால் சுருங்காத நிலை வர வேண்டும். அவசரப்பட்டு அதற்கு முன் ஃபார்மலின் ஊற்றினால் புழு தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். உங்கள் 14இல் 11 அறுந்ததற்குப் பாதிக் காரணம் மண்வெட்டி, பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

தளர்ந்ததும் டிஎன்ஏவுக்கு நடுப்பகுதியிலிருந்து ஒரு பக்கத்துப் பக்கக்கால்கள் ஐந்தாறை வெட்டி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். உடலைக் குறுக்கே வெட்டி எடுத்தால் குடலில் இருக்கும் தீனியின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். எத்தனால் திசுவைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். 24 மணி நேரத்தில் மாற்றிப் புதிதாக ஊற்றி, உறைபெட்டியில் மைனஸ் 20இல் வையுங்கள். மீதிப் புழுவை ஒரு பங்கு கடை ஃபார்மலின், ஒன்பது பங்கு கடல்நீர் என்ற கலவையில் 24 முதல் 48 மணி நேரம். அதில் வெண்காரம் போட்டு அமிலத்தை முறியுங்கள். மார்பிசாவுக்கு அது இல்லாமலும் ஓரளவு தப்பிக்கும். ஆனால் அதே வாளியில் தீப்புழு வந்திருந்தால் அதன் சுண்ணாம்புச் சுணைகள் அமில ஃபார்மலினில் கரைந்துபோகும், பிறகு அடையாளமே இல்லை. பிறகு நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி 70 அல்லது 80 சதவீத எத்தனாலில் நிரந்தரமாக.

சீட்டு குப்பிக்குள்ளே இருக்க வேண்டும், பென்சிலில் எழுதியது. பேனா மை ஆல்கஹாலில் ஓடிவிடும். மூடியில் எழுதிய எண் மூடி மாறினால் போயிற்று.

நீரிஸ் மாதிரிப் புழுக்களுக்கு வேறு கதை. அவற்றில் எல்லாமே தொண்டையில்தான். தளர்ந்த புழுவின் தலைக்குச் சற்றுப் பின்னே மழுங்கின இடுக்கியால் அழுத்தினால் தொண்டை வெளியே பிதுங்கும். இல்லையென்றால் நடுக்கோட்டில் நீளவாக்கில் கீறி விரியுங்கள். தொண்டை இரண்டு வளையம், அதை ரோம எண்ணில் ஒன்று முதல் எட்டு வரை பகுதிகளாகப் பிரிப்பார்கள். கொம்புப் பொருளாலான சின்னப் பற்கள் எந்தெந்தப் பகுதியில் எத்தனை என்பதுதான் முகவரி. ஆறாம் பகுதியில் கூம்புக்குப் பதில் குறுக்குப் பட்டை இருந்தால் பெரிநீரிஸ். பட்டை ஒன்றா, இரண்டா, வரிசையாகப் பலவா என்று எண்ணுங்கள். பற்கள் சீப்பு வரிசையாக இருந்தால் பிளாட்டிநீரிஸ். பற்களே இல்லாமல், பக்கக்காலின் மேல் மடலும் குறைந்திருந்தால் நமாலிகாஸ்டிஸ் பக்கம் போங்கள், நன்னீர் கலக்கும் இடங்களில் அது சகஜம். பட்டை வரிசையைப் பார்த்ததும் பெரிநீரிஸ் நுன்ஷியா என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரும் சாங்குவினியா போலத்தான், செங்கடல் பகுதிப் புழுவுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தது, பிறகு இந்தோ பசிபிக் முழுவதும் ஒட்டப்பட்டது.

வகைப்பெட்டி பதில்:

மீதி இரண்டு கேள்விகளுக்கு நான்.

எர்ரான்ஷியா, செடென்டாரியா என்ற பிரிவு 19ஆம் நூற்றாண்டில் வாழும் முறையை வைத்து வந்தது: அலைபவை, ஒரே இடத்தில் இருப்பவை. ஃபவுசால்டு 1977இல் அதை விட்டுவிட்டு நேராக வரிசைகளாகவே அடுக்கினார். 1997இல் ரௌஸும் ஃபவுசால்டும் உடலமைப்பை வைத்துச் செய்த ஆய்வில் ஸ்கோலெசிடா, பால்பாட்டா என்று பிரித்து, பால்பாட்டாவுக்குள் அசிகுலாட்டா, கனாலிபால்பாட்டா என்று வைத்தார்கள். ‘ஒழிந்துவிட்டது’ என்று நீங்கள் கேள்விப்பட்டது அந்தக் காலத்துப் பேச்சு. 2011இல் ஸ்ட்ரக் குழுவினர் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அந்தப் பழைய இரண்டு பெயர்களும் திரும்பி வந்தன, ஆனால் உள்ளடக்கம் மாறியது. மண்புழுவும் அட்டையும் செடென்டாரியாவுக்குள் போய் உட்கார்ந்தன. ஓவெனிடே, மாகெலோனிடே, கீட்டாப்டெரிடே ஆகிய குடும்பங்கள், தீப்புழுக் குடும்பம், சிபன்குலா என்ற கடற்புழுக் கூட்டம் இவையெல்லாம் அந்த இரண்டுக்கும் வெளியே, அடிப்பக்கக் கிளைகளாக நிற்கின்றன.

ஆகவே எர்ரான்ஷியா என்று தாராளமாக எழுதலாம், ‘அலையும் புழு’ என்று மட்டும் பொருள் சொல்லாதீர்கள். உங்கள் மார்பிசா வளைக்குள்ளேயே வாழ்வது. டயோபாட்ரா என்ற புழு கிளிஞ்சல் ஒட்டிய குழலில் வாழ்வது. இரண்டும் எர்ரான்ஷியாதான்.

இன்னும் ஒரு படி மேலே போனால் ‘பாலிகீட்டா’ என்ற வகுப்பே ஆட்டம் காண்கிறது. குரூபே 1850இல் வைத்த பெயர். மண்புழுவும் அட்டையும் பாலிகீட்டுக் கிளைகளுக்குள்ளிருந்தே வந்தவை என்றால், அவற்றை வெளியே தள்ளி மீதியை மட்டும் ஒரு வகுப்பு என்பது ஒரு குடும்பத்தில் இரண்டு பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுக் குடும்ப அட்டை எழுதுவது மாதிரி. ஒரு காலத்தில் தனித் தொகுதிகளாக வைத்திருந்த போகோனோஃபோராவும் எக்கியூராவும்கூட இதே கிளைகளுக்குள்தான். போகோனோஃபோரா இன்று சிபோக்ளினிடே என்ற ஒரே ஒரு குடும்பம். ஆனாலும் தரவுத்தளங்களும் சூழலியல் அட்டவணைகளும் வகுப்பு பாலிகீட்டா என்றே நடத்துகின்றன. உங்கள் அட்டவணையில் வளைதசைப்புழுக்கள் தொகுதி, பாலிகீட்டா, எர்ரான்ஷியா, யூனிசிடா வரிசை, யூனிசிடே குடும்பம், மார்பிசா என்று போடுங்கள். எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. வோர்ம்ஸ் (உலகக் கடல் உயிரினங்களின் பெயர்ப் பதிவேடு) தளம் என்றால் பார்த்த தேதியும் வேண்டும், அங்கே பெயர்கள் அடிக்கடி மாறும்.

அடைப்புக்குறி. ஓர் இனம் முதலில் எந்தப் பேரினத்தில் விவரிக்கப்பட்டதோ அதே பேரினத்தில் இன்றும் இருந்தால் அடைப்புக்குறி இல்லை. பேரினம் மாறியிருந்தால் உண்டு. சதர்ன் தன் புழுவை மார்பிசாவாகவே விவரித்தார், ஆகவே மார்பிசா கிரேவ்லியி சதர்ன், 1921. மான்டேகு நீரிஸாக விவரித்தது பிறகு மார்பிசாவுக்கு மாறியது, ஆகவே மார்பிசா சாங்குவினியா (மான்டேகு, 1813). பழைய கட்டுரைகளில் 1815 என்று இருக்கும், தொகுதி உண்மையில் வெளிவந்த ஆண்டைப் பிறகு திருத்தினார்கள். அடைப்புக்குறி அலங்காரம் அல்ல, ‘மூல விளக்கத்தைத் தேடும்போது வேறு பேரினத்தின் கீழ் தேடு’ என்று அது சொல்கிறது.

பேரினம் மாறும்போது சில சமயம் இனப்பெயரின் வாலும் மாறும், பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். நல்ல எடுத்துக்காட்டு: ஃபோவெல் 1923இல் மெர்சியரெல்லா எனிக்மாட்டிகா என்று வைத்த குழல்புழு இன்று ஃபிகோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸ் (ஃபோவெல், 1923). பெண்பால் பேரினத்திலிருந்து ஆண்பால் பேரினத்துக்குப் போனதால் வால் மாறியது, அடைப்புக்குறியும் வந்தது. கிரேவ்லியி மாதிரி ஆள் பெயரிலிருந்து வந்தவை எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறாது. அந்த கிரேவ்லி இந்திய அருங்காட்சியகத்தில் இருந்து, பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1940 வரை இருந்தவர்தான்.

குடும்பப் பெயர் எழுதும்போது நீரிடே அல்ல, நீரிடிடே. நீரிஸ் என்ற சொல்லின் வேர் ‘நீரிட்’, அதன்மேல் ‘இடே’ சேர்கிறது. பழைய புத்தகங்களில் நீரிடே என்று பார்த்து அப்படியே எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முகத்துவாரம்:

மிக்க நன்றி. மூவருக்கும். இரண்டு துணைக்கேள்விகள். ‘எஸ்பி.’ என்பதற்குப் பதில் ‘மார்பிசா சிஎஃப். சாங்குவினியா’ என்று போட்டால் நடுவர் ஏற்பாரா? மறுபடி எடுத்து டிஎன்ஏ பார்த்து, எதோடும் பொருந்தாமல் போனால், என் ஆய்வேட்டிலேயே புதிய பெயர் வைத்துவிடலாமா?

சல்லடை500:

சிஎஃப். போடலாம் என்பது என் கருத்து. பழைய இந்தியப் பதிவுகளில் எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று படிப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கண்டல்:

இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிஎஃப். என்றால் ‘இந்த இனமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டும்’ என்று பொருள். டெவன் கரைப் புழு இங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று நாம் நினைக்கவில்லையே. தொடர்புடையது ஆனால் வேறு என்று தெரிந்தால் அதற்கு ஏஎஃப்எஃப். என்று தனிக் குறி இருக்கிறது. பட்டியலைத் தொகுக்கும் கணினிகள் சிஎஃப்.பை உதறிவிட்டுச் சாங்குவினியாவை மட்டும் எடுத்துக்கொள்வது நடைமுறையில் நடக்கிறது. பழைய பதிவுகளோடு இணைக்க வேண்டுமென்றால் கீழே விளக்கத்தில் ‘மார்பிசா சாங்குவினியா, ஃபோவெல் 1953இன் பொருளில், மான்டேகுவினது அல்ல’ என்று எழுதுங்கள். பிடியும் கிடைக்கும், பெயரும் கெடாது. சிஎஃப். வைக்கத் தகுந்த இனம் ஒன்று உண்டென்றால், சீப்புச் சுணைகள் பொருந்தும் பட்சத்தில் அது மதராசி.

சல்லடை500:

கணினித் தொகுப்பு பற்றிய காரணம் சரி. ஒத்துக்கொள்கிறேன். எஸ்பி.யே இருக்கட்டும்.

டிஎன்ஏ பற்றி ஒன்று சேர்க்கிறேன். இனத்தை அடையாளம் காணப் பார்க்கும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டுக்கு எல்லோரும் ஃபோல்மர் குழுவின் 1994 பிரைமர்களைத்தான் (அந்தத் துண்டைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்) முதலில் போடுவார்கள். பாலிகீட்டில் அவை அடிக்கடி தோற்கும். பாலிகீட்டுக்கென்றே திருத்திய பாலிஎல்சிஓ, பாலிஎச்சிஓ சோடியை வைத்திருங்கள், கூடவே 16எஸ் என்ற இன்னொரு மரபணுவையும் பாருங்கள். வரிசை கிடைத்ததும் ஜென்பேங்கில் (டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளம்) ஓட்டினால் ‘மார்பிசா சாங்குவினியா 99 சதவீதம்’ என்று வரலாம். துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்த வரிசை எந்த ஊர்ப் புழுவிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஆசியக் கரையிலிருந்து என்றால், அவர்களும் அதே பழைய திறவுகோலை ஓட்டிப் பெயர் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் பொருள். மூல இடத்துப் புழுவின் வரிசையோடு, முடிந்தால் வகை மாதிரியின் (பெயருக்கு ஆதாரமாக வைத்த மாதிரி) வரிசையோடு ஒப்பிட்டதே கணக்கில் சேரும். ஒரே இனத்துக்குள் வேறுபாடு பெரும்பாலும் 2, 3 சதவீதத்துக்குள் இருக்கும், மார்பிசா இனங்களுக்கிடையே 10க்கு மேல் போவது வழக்கம். நடுவில் விழுந்தால் உடலமைப்பைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

வகைப்பெட்டி:

ஆய்வேட்டில் புதிய பெயர் வைக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்தியும் சொல்லலாம். விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி பல்கலைக்கழக ஆய்வேடு பெரும்பாலும் ‘வெளியீடு’ ஆகாது. அங்கே வைத்த பெயர் செல்லாது, ஆனால் இணையத்தில் ஏறிப் பரவிவிடும். பிறகு வேறொருவர் முறைப்படி அதே பெயரை வெளியிட்டால் பெயர் அவருக்குப் போகும், உங்களுக்கு அல்ல. ஆய்வேட்டில் ‘மார்பிசா எஸ்பி. 1’ என்று முழு விளக்கத்தோடு நிறுத்துங்கள்.

முறைப்படி வெளியிடும்போது வேண்டியவை: இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த ஒரு மாதிரி ஹோலோடைப் (புதிய பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) என்று குறிப்பிட்டு, அது எந்த நிறுவனத்தின் சேகரிப்பில், எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுத வேண்டும். இதழ் மின்வடிவில் மட்டும் வருவதென்றால் 2012 முதல் சூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவும், அந்தப் பதிவு நடந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருப்பதும் கட்டாயம். பதிவை மறந்துவிட்டு வெளியிட்டால் பெயர் கிடைக்காது. நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவும் உண்டு: புதிய இனம் கண்டால் அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்கியலுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம்தான் அது. அவர்களுடைய கடல் உயிரியல் மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது, ஹோலோடைப்பை ஒப்படைக்கும் நடைமுறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுந்த புழுவை ஹோலோடைப் ஆக்காதீர்கள். முழுப்புழு, முதிர்ந்தது, ஃபார்மலினுக்கு முன் டிஎன்ஏ எடுத்தது, மூன்றும் ஒரே புழுவாக இருக்க வேண்டும். இப்போது உங்களிடம் உள்ள மூன்றில் எதற்கும் டிஎன்ஏ இல்லை, ஆகவே அடுத்த சேகரிப்பில்தான் அது.

கண்டல்:

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று யாராவது கேட்டால் கேபிடெல்லா கேபிடேட்டாவைக் காட்டுங்கள். ஃபாப்ரிசியஸ் 1780இல் கிரீன்லாந்திலிருந்து விவரித்த இனம், பிறகு உலகெங்கும் கழிவுநீர் கலக்கும் சேற்றுக்கு அடையாளப் புழு என்று பெயர் வாங்கியது. 1976இல் கிராஸ்ல் இணையர் மாசுபட்ட ஒரே பகுதியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, வடிவில் பிரிக்க முடியாத ஆறு இனங்களாவது அந்த ஒரு பெயருக்குள் இருந்தன. இனப்பெருக்கக் காலமும், குஞ்சுப்பருவமும், முட்டை அளவும் வேறு வேறு. ஆய்வகங்களில் பல ஆண்டு வளர்த்துவந்த அவற்றில் ஒன்றுக்கு 2009இல்தான் கேபிடெல்லா டெலெட்டா என்று பெயர் கிடைத்தது. நம் துறைமுக ஆய்வறிக்கைகளில் இன்னும் கேபிடேட்டா என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மார்பிசாவிலும் அதே நிலைதான். பொரிப்பகத்துக்குப் போகும் உயிர்ப்புழு இறாலைத் தாக்கும் வெண்புள்ளி வைரஸைச் சுமந்து செல்லக்கூடியது. எந்த இனம், எந்தக் காலத்தில் முட்டையிடும், தோண்டினால் எத்தனை நாளில் மீளும் என்பதெல்லாம் சரியான பெயரின் கீழ் சேர்ந்தால்தான் பயன்படும். சிலிகாவின் இனப்பெருக்கக் காலத்தை வைத்துப் பழவேற்காட்டில் தோண்டும் தடைக்காலம் வகுக்க முடியாது.

நடுவருக்குப் பதில் எழுதும்போது பெயரை மாற்றியதோடு நிற்காமல், 14 மாதிரிகளும் எந்தச் சேகரிப்பில் எந்த எண்ணில் வைக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எஸ்பி. என்று எழுதிய புழுவை மறுபடி திறந்து பார்க்க அந்த எண் ஒன்றுதான் வழி.